அரியக்குடி ஸ்ரீ ராமானுஜ ஐயங்கார்: இசையுலகில் கண்ட அடியார் உறவு

எம்பெருமானுக்குத் தொண்டு செய்வதைக் காட்டிலும் அவன் அடியார்களுக்குத் தொண்டு செய்வது மேலானது என்பது ஆழ்வார்களும் ஆசார்யர்களும் காட்டியருளிய நெறி. ஆண்டாள் நாச்சியாரும் தான் மட்டும் தனித்துச் சென்று கண்ணனை அடைய விரும்பினாளில்லை. உறங்கிக் கிடந்த தோழியரை வாயில் தோறும் சென்று எழுப்பி, ஒருத்தியையும் விட்டுவிடாமல் உடன் அழைத்துக் கொண்டே நந்தகோபனின் திருமாளிகையை அடைந்தாள். தனக்குக் கிடைக்கும் பேறு தன்னைச் சேர்ந்தாருக்கும் கிடைக்க வேண்டும் என்னும் இந்தப் பெருநோக்கே வைணவத்தின் உயிர்நிலை.

இந்நெறியைச் சங்கீத மேடையில் வாழ்ந்து காட்டியவர் சங்கீத கலாநிதி அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். புகழ், பொருள், பதவி ஆகிய மூன்றும் போட்டியால் வருவன என்று எண்ணப்படும் ஒரு துறையில், அவை மரியாதையாலும் நட்பாலும் வரக்கூடும் என்பதற்கு அவர் வரலாறு சான்றாக விளங்குகிறது.

தென் திருப்பதியில் தோன்றியவர்

செட்டிநாட்டில் காரைக்குடிக்கு அருகே அமைந்த சிற்றூர் அரியக்குடி. அங்கே கோயில் கொண்டிருக்கும் திருவேங்கடமுடையானின் பெருமையால் அவ்வூரைத் தென் திருப்பதி என்று அடியார்கள் போற்றுவர். அந்த ஊரில் 1890-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் ராமானுஜன் பிறந்தார். தந்தையார் சோதிடக் கலையில் வல்லவர். ஊர்ப்பெருமாளின் திருநாமத்தைத் தந்தையும், திருப்பாவை ஜீயர் என்று போற்றப்பட்ட உடையவரின் திருநாமத்தை மைந்தனும் தாங்கியிருந்தனர். பின்னாளில் இம்மைந்தர் திருப்பாவைக்குச் செய்யப்போகும் கைங்கரியத்துக்கு அந்தப் பெயரே ஒரு முன்னறிவிப்புப் போல அமைந்தது.

அக்காலத்தில் சங்கீதத்துக்குத் தலைநிலம் தஞ்சைத் தரணி. காவிரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக இசையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல இருந்தன. அவற்றில் பிறந்த பிள்ளைக்கு ஆசானும் மேடையும் ஆதரவும் வீட்டிலேயே கிடைத்துவிடும். வறண்ட செட்டிநாட்டில் சோதிடர் ஒருவரின் இல்லத்தில் பிறந்த ராமானுஜனுக்கு அத்தகைய பரம்பரைச் செல்வம் எதுவும் இல்லை. அவர் ஈட்டிய உறவுகள் அனைத்தும் தம் ஒழுக்கத்தாலும் உழைப்பாலும் ஈட்டியவையே.

குருகுலம் அளித்த செல்வம்

முதலில் புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் அவர் பாடம் கேட்டார். பின்னர் ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரைச் சரணடைந்தார். பூச்சி ஐயங்கார் பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் தலைமாணாக்கர். பட்டணம் சுப்பிரமணிய ஐயர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் பயின்றவர். வேங்கடசுப்பையரோ ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் நேர்ச்சீடர். ஆகவே அரியக்குடிச் சிறுவர், 1847-இல் சித்தியடைந்த அந்த மகானின் சீட பரம்பரையில் சேர்ந்துவிட்டார்.

குருபரம்பரை என்பது வைணவர்களுக்குப் புதிதன்று. ஆசார்யனைப் பற்றியவன் அவருக்கு முன்னிருந்த எல்லா ஆசார்யர்களையும் பற்றியவன் ஆகிறான். இசையிலும் அப்படியே. அக்காலக் குருகுலத்தில் பாடம் என்பது குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிவதன்று. ஆசானுக்குப் பணிவிடை செய்தும், அவருக்குப் பின்னே தம்பூராவைச் சுமந்து சென்றும், மேடையில் பின்பாட்டுப் பாடியும் கேள்வியால் கற்றுக்கொள்ளும் வாழ்க்கை அது. பூச்சி ஐயங்கார் ராமநாதபுரம் சமஸ்தானத்தின் ஆதரவு பெற்றவர். அவருடன் சென்ற மாணவர், பெரிய சபைகளில் அமர்வது எவ்வாறு, மூத்த வித்வான்களிடம் பேசுவது எவ்வாறு, கேட்போரின் முகக்குறிப்பை அறிவது எவ்வாறு என்பவற்றையும் கூடவே கற்றார். ராகமும் தாளமும் பாடத்தால் வந்தன. இவை ஆசானின் நிழலில் நின்றதால் வந்தன.

1918-ஆம் ஆண்டு திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையில் பாடியது அவருக்குப் பெரிய தொடக்கமாயிற்று. மறு ஆண்டே, 1919-இல், பூச்சி ஐயங்கார் பரமபதித்தார். இருபத்தொன்பது வயதில் குருவின் துணையை இழந்த இளைஞர், தஞ்சை ஜாம்பவான்கள் நிறைந்த உலகில் தனியே நிற்க வேண்டியவரானார்.

பக்கத்தில் அமர்ந்த பெரியோர்

அந்நாளில் ஒரு பாடகரின் தகுதியை நிர்ணயித்தவர்கள் செல்வர்கள் மட்டும் அல்லர், பக்கவாத்திய வித்வான்களும்தாம். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை பிடில் எடுத்து அமர்கிறார் என்றால், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கமோ கஞ்சிராவோ வாசிக்கிறார் என்றால், அந்தப் பாடகர் கேட்கத் தக்கவர் என்று ஊர் முடிவு செய்துவிடும். அவர்களைக் கேட்பதற்கென்றே கூட்டம் வரும். பாடுபவர் தளர்ந்தால் அவரை மூழ்கடித்துவிடவும் அவர்களால் முடியும்; ஆதரித்துக் கரையேற்றவும் முடியும்.

வயதிலும் புகழிலும் தம்மைவிட மூத்த இவ்விருவரும் தமக்குப் பக்கவாத்தியமாக அமரும் பேறு அரியக்குடிக்கு இளமையிலேயே வாய்த்தது. மேடையின் நடுவிடம் பாடகருக்கு உரியது. ஆயினும் அந்த மேடையில் மிக இளையவர் அவரே. அவர் அந்தப் பெரியோர்களோடு வாதுக்கு நிற்கவில்லை. பிடில்காரரின் ராக விஸ்தாரத்துக்கு இடம் விட்டார். மிருதங்க வித்வானுக்குத் தனியாவர்த்தனத்தில் உரிய காலம் அளித்தார். தாளத்தில் புதிர் போட்டு அவர்களைத் திணற வைத்துக் கைத்தட்டல் வாங்குவதை அவர் பெருமையாகக் கருதவில்லை. பக்கவாத்தியக்காரர் சோபித்தால் கச்சேரி சோபிக்கும், கச்சேரி சோபித்தால் பாட்டு சோபிக்கும் என்பது அவருடைய கணக்கு. மூத்தவர்களின் ஆசி அவர்மீது பொழிந்ததற்கு அவருடைய குரல்வளத்தைப் போலவே இந்த அடக்கமும் காரணம்.

கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை, மைசூர் சௌடையா, பாப்பா வேங்கடராமையா முதலிய பிடில் மேதைகளும் பின்னாளில் அவருக்கு வாசித்தனர். இவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாணி உடையவர். அனைவரோடும் அவரால் இசைந்து பாட முடிந்தது.

கேட்பதிலும் பணிவு

பாடுபவர்க்குப் பிறர் பாட்டைக் கேட்கும் பொறுமை அரிது. சென்னையில் வீணை தனம்மாளின் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடக்கும் இசை அமர்வுக்கு வித்வான்கள் சென்று, கேட்கும் மாணாக்கர்களாய் அமர்வது வழக்கம். அங்கே சென்று கேட்டவர்களுள் அரியக்குடியும் ஒருவர். மெல்லிய வீணை நாதம் கலையாதபடி அங்கே அனைவரும் மூச்சடக்கி இருப்பார்கள். பதங்களைக் காலப்பிரமாணம் குன்றாமல், உருக்கம் குறையாமல் பாடும் முறைக்கு அந்த இல்லம் ஒரு கல்லூரியாக இருந்தது. நல்லது எங்கிருந்தாலும் தேடிச் சென்று கேட்பவனுக்கு உறவுகள் தாமே வளரும்.

மாறிய காலமும் புதிய பந்ததியும்

ராமானுஜ ஐயங்கார் மேடையேறிய காலம் ஒரு பெரிய மாறுதலின் காலம். முன்பு சங்கீதத்தைத் தாங்கியவர்கள் அரசர்களும் ஜமீன்தார்களும் கோயில்களும் நகரத்தார் இல்லத்துத் திருமணங்களுமே. அங்கே கேட்போருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஒரு ராகமும் பல்லவியும் இரவெல்லாம் விரியும். சமஸ்தானங்கள் தேயத் தேய, கலைஞர்கள் சென்னையை நோக்கி வந்தனர். அங்கே திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதிப் பெருமாளின் திருநாமம் தாங்கிய ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா தோன்றியிருந்தது. 1928-இல் சங்கீத வித்வத் சபை உருவாயிற்று. 1938-இல் சென்னை வானொலி நிலையமும் தொடங்கியது. சீட்டு வாங்கி வரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் குமாஸ்தாவும் குடும்பப் பெண்களும் இப்போது கேட்போர் ஆயினர். மறுநாள் காலையில் அலுவலகம் செல்ல வேண்டியவர்கள் இவர்கள்.

இந்தப் புதிய கூட்டத்துக்கு ஏற்பப் பாட்டைத் தாழ்த்திவிட்டால் பரம்பரை கெடும். பழைய முறையிலேயே பிடிவாதமாக நின்றால் கேட்போர் விலகிவிடுவர். இரண்டில் எது நேர்ந்தாலும் தியாகராஜ சுவாமிகளின் காலத்திலிருந்து கைமாறி வந்த செல்வத்துக்கு ஊறு நேரும். இந்தச் சிக்கலை அரியக்குடி தீர்த்த விதமே அவருடைய பெரும்புகழுக்குக் காரணம்.

வர்ணத்தில் தொடங்குவது, விறுவிறுப்பான மத்தியம காலக் கிருதிகளை அடுக்குவது, இடையிடையே அளவான ஆலாபனையும் நிரவலும் சுரமும் சேர்ப்பது, நடுவில் ஒரு பெரிய உருப்படியையோ ராகம் தானம் பல்லவியையோ நிறுத்துவது, தனியாவர்த்தனத்துக்குப் பின் பதம், ஜாவளி, தமிழ்ப் பாடல்கள் ஆகியவற்றைப் பாடி மங்களத்தில் முடிப்பது என்று ஒரு பந்ததியை அவர் நிலைநாட்டினார். விருந்தில் எல்லாச் சுவையும் உரிய அளவில் இலையில் விழுவது போன்றது இது. அறிஞர்க்குப் பல்லவி இருந்தது. பக்தர்க்குக் கிருதி இருந்தது. பாமரர்க்குத் தமிழ்ப் பாட்டு இருந்தது. பக்கவாத்தியக்காரர்க்கு அவரவர் பங்கு இருந்தது. எழுந்து செல்லும்போது எவரும் வெறுங்கையோடு செல்லவில்லை. இன்றளவும் கர்நாடக சங்கீதக் கச்சேரிகள் பெரும்பாலும் இந்த வழியிலேயே நடக்கின்றன.

மேடையில் கூடியிருக்கும் அனைவரையும் எண்ணிப் பார்ப்பவருக்கே இத்தகைய ஏற்பாடு தோன்றும். அந்த வகையில் அவருடைய பந்ததி அவருடைய பண்பின் மறுவடிவம்.

சமகாலத்தவர் அளித்த மதிப்பு

அரியக்குடியின் காலத்தில் சங்கீத வானில் பல நட்சத்திரங்கள் ஒளிவீசின. மகாராஜபுரம் விசுவநாத ஐயர், செம்பை வைத்தியநாத பாகவதர், முசிறி சுப்பிரமணிய ஐயர் ஆகியோர் அவருக்குச் சில ஆண்டுகளே இளையவர்கள். ஒரே சபாக்களில் பாட வேண்டிய இவர்களுக்குள் போட்டி இருந்திருக்கலாம். ஆனால் மதிப்பும் நட்பும் அதனினும் ஓங்கி நின்றன. அவருக்குப் பதினெட்டு ஆண்டு இளையவரான செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயர், கச்சேரி செய்யும் முறைக்கு அரியக்குடியையே முன்மாதிரியாகக் கொண்டவர். தனிப்பெரும் பாணி கண்ட ஜி. என். பாலசுப்பிரமணியம் அவரிடம் நேரே பாடம் கேளாவிடினும், அவரைத் தம் மானசீக குருவாகப் போற்றினார். தம்மோடு போட்டியிடக் கூடியவர்களாலேயே குருஸ்தானத்தில் வைக்கப்படுவது எளிதில் கிட்டும் சிறப்பன்று.

இந்த உறவுகளுள் மிகவும் உருக்கமானது மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருடையது. 1912-இல் பிறந்த மணி ஐயர் அரியக்குடியைவிட இருபத்திரண்டு ஆண்டு இளையவர். பாட்டின் போக்கை அறிந்து, பாட்டுக்காகவே மிருதங்கம் வாசிக்கும் முறையில் ஈடற்றவர். அவருக்கு அரியக்குடியின் பாட்டில் எல்லையற்ற ஈடுபாடு. மணி ஐயரிடம் பயின்று வந்த பாலக்காடு கே. வி. நாராயணசுவாமி என்னும் இளைஞர் வாய்ப்பாட்டில் சிறக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, 1942-இல் அவரை அரியக்குடியிடமே மணி ஐயர் ஒப்படைத்தார்.

பக்கத்தில் அமர்ந்து வாசிப்பவருக்குத் தெரியாத குறை பாடகரிடம் இருக்க முடியாது. பாட்டின் பலமும் பலவீனமும் நடத்தையின் உயர்வும் தாழ்வும் அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. அப்படிப்பட்டவர் தம் பிள்ளை போன்ற மாணவனைக் கொண்டுவந்து ஒப்படைத்தார் என்றால், அதைவிடச் சிறந்த நற்சான்று வேறொன்று இல்லை. அந்த மாணவரும் நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. 1986-இல் நாராயணசுவாமியும், 1987-இல் அரியக்குடியின் மற்றொரு சீடரான பி. ராஜம் ஐயரும் சங்கீத கலாநிதி விருது பெற்றனர். மதுரை என். கிருஷ்ணன் முதலிய சீடர்களும் அவர் பாணியைக் காத்தனர். தம் ஆசானிடம் தாம் பெற்றதைத் தம் மாணாக்கரிடம் அவர் குறைவறச் சேர்த்துவிட்டார்.

விருதுகளும் தாமே தேடி வந்தன. 1938-இல் சென்னை சங்கீத வித்வத் சபையின் மாநாட்டுக்கு அவர் தலைமை வகித்தார். சங்கீத கலாநிதி என்னும் பட்டம் அத்தலைமையின் பயனாகவே அவருக்கு உரியதாயிற்று. 1952-இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 1958-இல் பத்மபூஷண் விருதும் கிடைத்தன.

திருப்பாவைக் கைங்கரியம்

வைணவ அடியார்கள் அரியக்குடிக்கு என்றும் கடமைப்பட்டிருப்பது திருப்பாவைக்காக. முப்பது பாசுரங்களுக்கும் கச்சேரி மேடைக்கு ஏற்றவாறு அவர் ராகம் அமைத்தார். அந்த அமைப்பில் அவருடைய உள்ளம் தெரிகிறது. முதல் ஐந்து பாசுரங்களை நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து கனராகங்களில் வரிசையாக அமைத்தார். தியாகராஜ சுவாமிகளின் பஞ்சரத்தினக் கிருதிகளும் இதே ராகங்களில், இதே வரிசையில் அமைந்தவை. திருவையாற்றில் தம் ஆசார்ய பரம்பரையின் மூலபுருஷருக்கு அஞ்சலி செலுத்திய வித்வான், அந்த ராக மாலையையே எடுத்து வில்லிபுத்தூர்க் கோதைக்குச் சூட்டிவிட்டார். இருபத்தொன்பதாம் பாசுரத்தை மங்களகரமான மத்தியமாவதியிலும், பலசுருதியான முப்பதாம் பாசுரத்தைச் சுருட்டியிலும் நிறைவு செய்தார்.

எம். எல். வசந்தகுமாரி முதலியோர் இந்த மெட்டுகளைப் பாடிப் பரப்பினர். மார்கழி விடியலில் வானொலி வழியாகவும் ஒலிபெருக்கி வழியாகவும் அவை வீதிதோறும் கேட்டன. மெட்டமைத்தவர் பெயர் அறியாத சிறுமியரும் அந்த ராகங்களில் பாசுரம் சொன்னார்கள். பெயர் மறைந்து பாட்டு மட்டும் நிற்பதே கைங்கரியத்தின் நிறைவு.

சீர்காழி அருணாசலக் கவிராயர் இயற்றி, திருவரங்கத்தில் அரங்கேற்றியதாகப் போற்றப்படும் இராம நாடகக் கீர்த்தனைகள் பலவற்றுக்கும் அவர் புதிய மெட்டு வகுத்து மேடைக்குக் கொண்டுவந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் அந்தத் தமிழ்ச் செல்வம் இருபதாம் நூற்றாண்டுச் சபாக்களில் மீண்டும் ஒலித்தது.

துணையின்றிப் பாடிய வேளை

1961-இல் காஞ்சி காமகோடி பீடத்துப் பெரியவர் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் செட்டிநாட்டு இளையாத்தங்குடியில் தங்கியிருந்தார். தரிசனத்துக்கு வந்த அரியக்குடியிடம், முத்துசுவாமி தீட்சிதர் முருகப்பெருமான் மீது காம்போதி ராகத்தில் இயற்றிய பெருங்கிருதியைப் பாடுமாறு அவர் பணித்தார் என்பர். வாழ்நாளெல்லாம் மேதைகளின் பக்கபலத்தோடு பாடியவருக்கு அப்போது பிடிலும் இல்லை, மிருதங்கமும் இல்லை. தயக்கம் எழுந்தது. ஆயினும் பெரியவரின் திருவுள்ளத்தை மறுக்க மனம் வராமல் தனித்தே பாடினார். பாடி முடித்ததும், அக்கிருதியின் வடமொழிச் சொற்களுக்குச் சுவாமிகள் விரிவாகப் பொருள் உரைத்தருளினார்.

பாடியவர் திருமண் தரித்த வைணவர். கேட்டவர் அத்வைத மடாதிபதி. பாட்டின் தலைவன் முருகன். உண்மையான இசைக்கு முன் வேற்றுமைகள் அகன்று நிற்கும் என்பதற்கு அந்த வேளை ஒரு சாட்சி. உடன் எவரும் இல்லாத அந்நேரத்திலும் அவர் தனியராக இருந்தாரில்லை. மலையப்ப ஐயரிடமும் நரசிம்ம ஐயங்காரிடமும் பூச்சி ஐயங்காரிடமும் கேட்ட பாடம், கோவிந்தசாமிப் பிள்ளையின் வில்லும் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் விரலும் ஊட்டிய தாளக்கட்டு, தனம்மாளின் இல்லத்தில் கேட்ட நாதம் ஆகிய அனைத்தும் அந்தக் குரலுக்குள் இருந்தன.

பரமபதம்

1967-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 19-ஆம் நாள் மைசூர் சௌடையா மறைந்தார். நான்கு நாள்களே கழித்து, 23-ஆம் நாள், அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் ஆசார்யன் திருவடி அடைந்தார். பல மேடைகளில் ஒன்றாக அமர்ந்த குரலும் பிடிலும் ஒரே வாரத்தில் அடங்கின. அந்த ஆண்டின் மார்கழி முடிந்து, திருப்பாவை சாற்றுமறை ஆகிச் சில நாள்களே கடந்திருந்தன.

பெரியோரை அண்டி முகத்துதி செய்து முன்னுக்கு வருவதும் உண்டு. பெரியோர் தாமே உவந்து முன்னே தள்ளிவிடும்படி நடந்துகொள்வதும் உண்டு. முன்னதால் வரும் உறவு காரியம் முடிந்தவுடன் அறுந்துபோகும். பின்னதால் வரும் உறவு தலைமுறை கடந்தும் நிற்கும். அரியக்குடி தேடியது பின்னதையே. ஆசானுக்குச் சீடராகவும், பக்கத்தில் இருப்பவருக்குத் தோழராகவும், கேட்போருக்குத் தொண்டராகவும், அடுத்த தலைமுறைக்கு ஆசானாகவும் இருந்ததால், அவர் அடைந்த உயர்வில் எவருக்கும் பொறாமை மிகாமல் எல்லோருக்கும் பங்கு கிடைத்தது.

திருவிழாக் காலத்தில் பெருமாள் வீதி எழுந்தருளும்போது முன்னே அருளிச்செயல் கோஷ்டியும் பின்னே வேத பாராயண கோஷ்டியும் செல்கின்றன. தனிக்குரலாகத் தெரிய வேண்டும் என்று அங்கே ஒருவரும் எண்ணுவதில்லை. ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றொருவர் தொடர, பாசுரம் அறுபடாமல் செல்கிறது. கோஷ்டியில் நின்று சேவிக்கும் அடியார்கள், மார்கழித் திங்களில் நாட்டை ராகத்தில் திருப்பாவை தொடங்கும் நேரத்தில், அரியக்குடிப் பெருந்தகையையும் ஒரு கணம் நினைந்து போற்றுவார்களாக. கோதை நாச்சியாரின் திருவருளும் திருவேங்கடமுடையானின் திருவருளும் அனைவருக்கும் பெருகுக.